கவுன்சிலர் வீட்டுப் பூனை

வாங்க தங்கச்சி, வாங்க. கூடைய இப்பிடி நெழலுக்குள்ள வைங்க. மூடிய மட்டும் தொறந்துறாதீங்க, வாசல்ல ஒரு நாயி படுத்துருக்கு, உங்க ஆளு அதப் பாத்தான்னா கூடையப் பிச்சுக்கிட்டு ஓடிப்போவான். கடுவன்தானே? கூடைச் சந்து வழியாப் பாத்தாலே தெரியுதே, கன்னம் ரெண்டும் உப்பிப்போய் ரவுடி கணக்கா இருக்கான். காலையில சோறு எதும் வைக்கலைல்ல? பாலு? நல்லது. முக்காவாசிப் பேரு 'ஒரு வாய்தானே, பாவம் பசிக்குமே'ன்னு குடுத்துட்டு வந்துர்றாக. ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டா அப்பறம் வாந்தி எடுத்துப்புடும்ல? டாக்டரம்மா திருப்பி அனுப்பிர்றாக. உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி நாலஞ்சு கூடை இருக்கு.

நான் யாருன்னு தெரியலையா? அப்ப நீங்க புதுசாக் குடிவந்தவுகளா இருக்கும். தென்கரையில வந்து கவுன்சிலர் பூமிநாதன்னு கேட்டுப் பாருங்க, பச்சப்புள்ள கூட வீட்டக் காட்டும்.

ஆமா, கையெழுத்துப் போடுற கவுன்சிலர் எங்க வீட்டுல அங்கயற்கண்ணிதான். அது வேற ஒண்ணுமில்ல, போன எலெக்‌ஷன்ல நம்ம வார்ட லேடீஸ் வார்டா மாத்திப்புட்டாக. இருவது வருசமாக் கட்சிக்குக் கொடி கட்டுனவன் நானு. சீட்டு வர்ற நேரத்துல இப்பிடிப் பண்ணுனா மனுசன் என்ன செய்வான்? சரி, பேரு அவ பேரு, வேல என் வேலன்னு எறங்கிட்டேன். போஸ்டர்ல அவ படம் இம்புட்டுக்காணும், என் படம்தான் கும்பிட்டுக்கிட்டு ஆளுயரத்துக்கு நிக்கும். சனங்களும் என்னையப் பாத்துத்தானே ஓட்டுப் போட்டுச்சு. சாக்கடை அடைச்சாலும் நான்தான், கொழாயில தண்ணி வரலைன்னாலும் நான்தான். எவன் வந்து கவுன்சிலர் இருக்காகளான்னு கேட்டாலும் 'நான்தான், சொல்லு'ன்னு வாயில தன்னால வந்துரும். அவ அடுப்படியில இருப்பா. காயிதத்த நீட்டுனா எங்க கையெழுத்துன்னு கூடக் கேக்க மாட்டா, நான் வெரல வச்ச எடத்துல போட்டுருவா. அம்புட்டு ஒத்துமையான குடும்பம்.

இப்ப அந்தக் குடும்பத்தக் கெடுத்தது ஒரு பூனை. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

நம்ம வார்டுல பூனை கொஞ்சம் அதிகம். மீன்கடை அங்கிட்டு நாலு, இங்கிட்டு நாலு, அதுக கழிவத் தெருவுல கொட்டுனா பூனை வராம ஆனையா வரும்? மாடியில வத்தல் காயப்போட்டா அது மேலயே படுத்து எந்திரிக்கும். மாவுக்கடைக்காரம்மா ஒரு நாள் மாவுச் சட்டிக்குள்ள காலடி பதிஞ்சிருக்குன்னு சட்டியோட எங்க வாசல்ல வந்து நின்னுருச்சு. 'கவுன்சிலரே, இதுக்கு ஒரு வழி பண்ணுறியா இல்ல இந்த மாவுல உனக்கு இட்லி ஊத்தித் தரட்டா'ன்னு கேக்குது. நாலு பேரு கூடிட்டாக. நான் என்ன லேசுப்பட்டவனா? 'தீவாளிக்குள்ள இந்த வார்டுல ஒரு பூனை இருக்காது, இது கவுன்சிலர் வாக்கு'ன்னு சொல்லிப்புட்டேன்.

வழியா இல்ல? நம்ம ஊருல காலங்காலமா ஒரு வழி இருக்கே. நீங்க எந்தூரு? அங்கயும் இருக்கும். பூனையப் பிடிச்சுச் சாக்குல போட்டுக் கட்டி, சாக்க மூணு சுத்துச் சுத்தி, ஆத்தத் தாண்டிக் கொண்டு போயி விட்டுட்டு வந்துரணும். சுத்துனா அதுக்குத் திக்குத் தெரியாது. தண்ணியத் தாண்டுனா திரும்பி வராது. எங்கப்பா அப்பிடித்தான் செஞ்சாரு, ஊரே அப்பிடித்தான் செஞ்சுச்சு. நானும் ரெண்டு பயலுகள வச்சுப் பிடிக்கச் சொல்லி, என் வண்டியில வச்சு வெள்ளனமே பாலத்தத் தாண்டி வடகரையில விட்டுட்டு வந்துருவேன். விடியுறதுக்குள்ள வேல முடிஞ்சிரும்.

ஆத்துல தண்ணி இருக்கான்னு கேக்குறீங்க. தண்ணி எங்கிட்டு இருக்கு, மணலும் கருவேல முள்ளும்தான். அது என் மூளைக்கு எட்டல அப்ப.

ஒரு வாரம் விட்டேன், ரெண்டு வாரம் விட்டேன். என்னாடா அதிசயம், பூனை கொறையவே மாட்டேங்குது. அதுவும் புதுப் புது மொகமா இருக்கு. பழைய பூனைகளாவது தெருக்காரவுகளுக்குப் பயப்படும். இதுக ஒருத்தரையும் மதிக்கல. ராவெல்லாம் சண்ட. கூரை மேல உருண்டு பொரண்டு கத்துறதுல மாவுக்கடைக்காரம்மாவுக்குப் பிரஷரே வந்துருச்சு. 'ஒன்னைய யாருய்யா பூனை கேட்டது'ன்னு என்கிட்டயே சண்டைக்கு வருது.

ஒரு நாள் வெள்ளன, பாலத்துல போய்க்கிட்டுருக்கேன். எதுத்தாப்புல ஒரு வண்டி. யாருன்னு பாத்தா சேவுகப்பெருமாளு. வடகரைக் கவுன்சிலர். அதாவது, கவுன்சிலர் அவன் சம்சாரம் மீனாளு, வேலையெல்லாம் அவன்தான். என் மாதிரின்னு வச்சுக்கங்களேன். அவன் வண்டியிலயும் ஒரு சாக்கு.

'என்னாண்ணே இம்புட்டு வெள்ளன'ங்குறான். 'தேங்கா, சொந்தக்காரவுக வீட்டுக்கு'ங்குறேன். 'நீ என்னாப்பா?'ன்னேன். 'வெங்காயம்ணே'ங்குறான். ரெண்டு பேரும் மரியாதையாத்தான் சிரிச்சுக்கிட்டுருக்கோம். அந்த நேரம் பாத்து அவன் வெங்காயம் 'மியாவ்'னுச்சு. அதக் கேட்டு என் தேங்கா பதில் குடுக்குது. அப்பறம் ரெண்டு மூட்டையும் மாறி மாறிப் பேசுதுக. எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் நீங்க பாத்துருக்கணுமே.

அதுக்கு மேல மறைச்சு என்ன செய்ய. அவன் பூனைய நான் வளத்துக்கிட்டுருக்கேன், என் பூனைய அவன் வளத்துக்கிட்டுருக்கான். எத்தன நாளா இந்தப் பண்டமாத்து நடந்துச்சோ தெரியல. ஆனா அத ரெண்டு பேராலயும் வெளிய சொல்ல முடியாதுல்ல, கவுன்சிலர் வாக்கு குடுத்தாச்சே. அவன் மூட்டைய அவன் கொண்டு போனான், என் மூட்டைய நான் கொண்டு போனேன்.

ஏம்மா, மஞ்சச் சேலை, பூனைய மடியில வைக்காதீங்க, கூடைக்குள்ள போடுங்க. ஊசியப் பாத்தா எகிறிப்புடும். ஆங், அப்பிடி.

எங்க விட்டேன்? ம். இதுக்கு நடுவுல எங்க வீட்டுப் பூனை ஒண்ணு. பொட்டுன்னு பேரு. வெள்ளப் பூனை, நெத்தியில மட்டும் கறுப்பா வட்டமா இருக்கும், அதுனால பொட்டு. மகளக் கட்டிக் குடுத்துத் திருப்பூருக்கு அனுப்புன வருசம் அதுவா வந்து சேந்துச்சு. அங்கயற்கண்ணிக்கு அதுன்னா உசுரு. நான் காலையில கெளம்புனா ராத்திரிதான் வீடு திரும்புறது, ஊர் வேல அப்பிடி. அவ பொழுதன்னைக்கும் அதுகூடத்தான் பேசிக்கிட்டுருப்பா. காய் நறுக்கையில பேசுவா, துணி மடிக்கையில பேசுவா. நான் உள்ள வந்தா நிறுத்திருவா. என்னடி பேசுனன்னா, 'ஒண்ணுமில்லங்க'ம்பா.

வார்டுல ஒரு பய கேட்டுப்புட்டான் தங்கச்சி. 'ஊர்ப் பூனையெல்லாம் ஆத்துக்கு அங்கிட்டு, கவுன்சிலர் வீட்டுப் பூனை மட்டும் கட்டில்லயா'ன்னு. டீக்கடையில, நாலு பேருக்கு நடுவுல. எனக்குச் சுருக்குன்னுச்சு. பொது வாழ்க்கைன்னு வந்துட்டா நேர்மை வேணும்ல? மக்கா நாளு அவ கோயிலுக்குப் போயிருந்த நேரம், பொட்ட எடுத்துச் சாக்குல போட்டேன். அது கத்தக் கூட இல்ல, பழகுன கைங்கறதுனால மடியில படுக்குற மாதிரி உள்ள போயிருச்சு. வடகரையில விட்டுட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் அவ வாசல்ல நின்னு பொட்டு, பொட்டுன்னு கூப்பிடுறா. மாடியில ஏறிக் கூப்பிடுறா. பக்கத்து வீட்டுக் கக்கூஸ் சந்துல எல்லாம் போயிப் பாக்குறா. நான் மறைக்கல, சொல்லிப்புட்டேன். 'ஊருக்கு ஒரு நியாயம் நமக்கு ஒரு நியாயமா இருக்கக் கூடாதுல்ல, அதான்'ன்னேன். சண்ட போடுவா, அழுவா, ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவா, அம்புட்டுத்தான்னு நெனச்சேன். அவ ஒண்ணுமே சொல்லல. சோத்தப் போட்டு மூடி வச்சுட்டுப் போயிப் படுத்துட்டா.

அன்னையோட பேச்சு நின்னுபோச்சு. இது ஆடிக்கு முந்தி நடந்தது. இப்பத் தை பொறக்கப் போகுது. இன்னை வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்த கெடையாது. வீட்டுல ஒரு கொறையும் வைக்க மாட்டா, நேரத்துக்குச் சோறு, துவைச்ச வேட்டி, எல்லாம் இருக்கும். பேச்சு மட்டும் இருக்காது. சமையல் கேஸு தீந்துபோச்சுன்னு வைங்க, அடுப்படியில இருந்து திருப்பூருக்குப் போன் போடுவா. மக அங்க இருந்து எனக்குப் போன் போடும். 'அப்பா, வீட்டுல கேஸ் தீந்துபோச்சாம், அம்மா சொல்லச் சொன்னாங்க.' நான் முன் ரூமுல, அவ பின் ரூமுல. நடுவுல திருப்பூரு.

சரி, பொம்பளைக் கோவம், ஆறிரும்னு விட்டேன். அதுக்கப்பறம்தான் அந்த நகராட்சிக் கூட்டம் வந்துச்சு.

கூட்டம் நடக்கையில எங்களுக்கு வெளிய வண்டி நிறுத்துற கொட்டகைதான். எங்களுக்குன்னா, கவுன்சிலர் வீட்டுக்காரவுகளுக்கு. ஏழெட்டுப் பேரு உக்காந்து ஊரையே நடத்திக்கிட்டுருப்போம். உள்ள பொம்பளைக நாங்க எழுதிக் குடுத்தத வாசிச்சுட்டு வந்துருவாக, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிரும். அன்னைக்குத் தெருவெளக்கு பத்தி எழுதிக் குடுத்துருந்தேன். மணி ரெண்டாகியும் கூட்டம் முடியல. பியூன் முருகானந்தம் வாயப் பொத்திக்கிட்டு வெளிய வாறான். 'அண்ணே, உள்ள பூனை ஓடுது'ங்குறான். 'எங்க, நான் வேணா வந்து பிடிக்கட்டா, வண்டியில சாக்கு இருக்கு'ன்னு எந்திரிச்சிட்டேன். 'அதில்லண்ணே, பூனையப் பத்தித்தான் பேச்சு ஓடுது. பேசுறது உங்க வீட்டம்மா'ங்குறான்.

அவ வாசிச்சதுதான் உண்டு, பேசுனது இல்லையே.

தெருவெளக்கு அடுத்த கூட்டத்துல பேசலாம்னு காயிதத்த மடிச்சு வச்சுட்டாளாம். 'எங்க வார்டுப் பூனைய வடகரையில விடுறாங்க, வடகரைப் பூனைய எங்க வார்டுல விடுறாங்க. ஒரு பூனையும் கொறையல. சோறு போட்ட வீடு ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம்னு அலையுது'ன்னாளாம். ஒடனே வடகரை மீனாளு எந்திரிச்சு, 'அக்கா, உங்க வீட்டுலயும் சாக்கு காணாமப் போகுதா?'ன்னு கேட்டுச்சாம். பொம்பளைக அம்புட்டுப் பேரும் மேசையத் தட்டிச் சிரிச்சுருக்காக. அப்பறம் சிரிக்காம உக்காந்து, டாக்டரம்மாவக் கூப்பிட்டு வச்சு, ஒண்ணொண்ணாப் பேசித் தீர்மானம் போட்டுருக்காக. ஒரு பூனைக்கு எந்த வீட்டுல சோறு போடுறாகளோ அது அந்த வீட்டுப் பூனை. சோறு போடுறவுக அதுக்குக் கருத்தடை ஆபரேஷனும் வெறிநோய் ஊசியும் போட்டாகணும். நகராட்சி முகாம் நடத்தும். தெருப் பூனைக்கும் ஆபரேஷன் பண்ணி, அடையாளத்துக்குக் காது நுனிய லேசாக் கத்திரிச்சு, பிடிச்ச எடத்துலயே விட்டுரும். மீன் கழிவ மூடித்தான் வைக்கணும். பூனையக் கொண்டு போயி வேத்தெடத்துல விடுறது குத்தம்.

இதுல பாதி யோசனை என்னுதுதான். நான் அத்தன பூனையக் கடத்தலைன்னா இதெல்லாம் வெளிய வந்துருக்குமா, நீங்களே சொல்லுங்க. ஒரு எடத்துல இருக்குற பூனையத் தூக்கிட்டா அந்த எடத்துக்கு வேற பூனை வந்துருமாம், டாக்டரம்மா சொன்னாக. அத மொதல்ல கண்டுபிடிச்சவன் யாரு?

குத்தத்துக்கு என்ன தண்டனைன்னு சேர்மன் கேட்டுருக்காரு. அபராதம்னு வைக்கலாம்னாராம். இவ, 'அபராதம்னா பெரிய மனுசங்க சிரிச்சுக்கிட்டே கட்டிட்டுப் போயிருவாங்க. முகாமுல வந்து வேல செய்யணும்னு வைங்க'ன்னாளாம். சரி, யாரு மேலயாவது புகார் இருக்கான்னதும், 'மொதல் பேரு என் வீட்டுக்காரர் பேர எழுதுங்க'ன்னுட்டா. ரெண்டாவது, மீனாளு எந்திரிச்சு சேவுகப்பெருமாளு பேரச் சொல்லிருச்சு. நாங்க ரெண்டு பேரும் கொட்டகையில ஒரே பெஞ்சுல உக்காந்துருக்கோம். பியூன் வந்து சொல்றான். மத்தவனெல்லாம் மெல்ல நகந்து உக்காந்தான்.

நான் விடல. வக்கீல்கிட்டப் போனேன். சட்டம் வர்றதுக்கு முந்திச் செஞ்சதுக்கு எப்பிடிய்யா தண்டனன்னு கேட்டேன். 'கேஸு போட்டா செயிச்சிரலாம் பூமி, ஆனா உன் பொண்டாட்டி மேல போடணும், பரவாயில்லையா'ன்னாரு. வந்துட்டேன்.

அப்பிடித்தான் ஞாயித்துக்கெழமை ஆனா இந்தச் சமுதாயக் கூடத்துல கூடை தூக்குறேன். மேற்பார்வைன்னு வச்சுக்கங்க. சேவுகப்பெருமாளு அவனுக்குச் சொன்ன நாள முடிச்சுட்டு ஓடிட்டான். எனக்கும் தீவாளியோட முடிஞ்சது. அப்பறம் ஏன் வர்றேன்னு கேப்பீங்க. நான் வரலைன்னா இங்க ஒண்ணும் ஓடாது. பூனையப் பிடிக்கிறதுல ஒரு பக்குவம் இருக்கு, எல்லாருக்கும் வராது. துண்டப் போட்டு மூடி, பிடரியப் பிடிச்சு, காலு நாலையும் துண்டுக்குள்ள சுருட்டிக் குழந்தை கணக்கா ஏந்தணும். சாக்குல பிடிச்ச பழக்கம், எனக்கு நல்லா வருது.

வேற ஒண்ணும் இருக்கு. சொன்னா என்ன. அவ உள்ள சன்னல் பக்கத்து மேசையில உக்காந்து வர்றவுககிட்டப் பேசிக்கிட்டே இருக்கா பாருங்க. வீட்டுல அந்தக் கொரலு கேக்குறதில்லையே. இங்க வந்தா காதுல விழுதுல்ல. அடுத்தவுககிட்டப் பேசுறதுதான், இருந்தாலும் கேக்க நல்லாருக்கு. எனக்கு வேல சொல்லணும்னா கூட, 'டாக்டரம்மா, அவர அந்தக் கூடையத் தூக்கச் சொல்லுங்க'ம்பா. டாக்டரம்மா என்கிட்டச் சொல்வாக. திருப்பூர் அளவுக்குத் தூரமில்ல.

பொட்டத் தேடாம இருந்தேன்னு நெனைக்காதீங்க. கட்சி வேலன்னு சொல்லிட்டு வடகரையில தெருத் தெருவா அலைஞ்சேன். வெள்ளப் பூனையா, நெத்தியில கறுப்பான்னு கேட்டுக் கேட்டு, அந்தப் பக்கம் என்னையப் பூனைக்காரர்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாக. கார்த்திகை மாசம் ஒரு நாளு, பள்ளிவாசல் பின்னாடித் தெரு. ஜுலைகான்னு ஒரு அம்மா, வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிது. புருசன் வெளிநாட்டுல. வாசல்ல தையல் மெஷினு, அது மேல நம்ம பொட்டு. என்னையப் பாத்துட்டு ஒரு காத மட்டும் அசைச்சுட்டுத் திரும்பித் தூங்குது. கொழுத்துப் போயிக் கெடக்கு.

'இது எங்க வீட்டுப் பூனை தாயி'ன்னேன். 'இருக்கலாம் அண்ணே, இப்ப நான்தான சோறு போடுறேன். யாரு சோறு போடுறாகளோ அவுக பூனைன்னு கவுன்சிலரம்மாவே மைக்குல சொன்னாங்களே'ங்குது. எந்தக் கவுன்சிலரம்மா? என் கவுன்சிலரம்மா.

தெருமுக்குல நின்னு மகளுக்குப் போன் போட்டேன். 'பாப்பா, பொட்டு கெடைச்சிருச்சு, அம்மாகிட்டச் சொல்லு'ன்னேன். நான் வண்டிய ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன், அவ செருப்ப மாட்டி, கையில கூடையோட வாசல்ல நிக்கிறா. பேசல. வண்டியில ஏறி உக்காந்தா. எனக்கு அம்புட்டுச் சந்தோசம். இன்னைக்குப் பேசிருவான்னு நெனச்சேன்.

அங்க போனதும் பொட்டு மெஷின விட்டுக் குதிச்சு வந்து அவ கால ஒரசுச்சு பாருங்க. தூக்கி மூஞ்சியோட வச்சுக்கிட்டா. ஜுலைகா எந்திரிச்சு நின்னு, 'எடுத்துக்கிட்டுப் போங்கக்கா, உங்களதுதானே'ன்னுச்சு. சொல்லிட்டுத் துணியையே பாத்துக்கிட்டு நிக்கிது. 'பகல் பூராம் நான் பேசுறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு'ன்னுச்சு, மெல்ல. அவ்வளவுதான், இவ மூஞ்சி மாறிப்போச்சு.

'என்ன பேரு வச்சுருக்கீங்க?'ன்னு கேட்டா. பஞ்சுவாம். 'என்ன சாப்புடுது?' மத்தி மீனு, முள்ளெடுத்துச் சோத்துல பெசஞ்சு. 'ராத்திரி எங்க படுக்கும்?' வெட்டுத் துணி மூட்டையில. ஒவ்வொண்ணாக் கேட்டா. கேட்டுட்டு, பொட்ட அந்தத் துணி மூட்டை மேலயே எறக்கி விட்டுட்டா தங்கச்சி. 'வர்ற வாரம் வடகரையில முகாம் இருக்கு, மறக்காமக் கொண்டு வாங்க. முந்தின ராத்திரியோட சோத்த நிறுத்திருங்க'ன்னா.

எனக்குப் பொறுக்கல. 'இந்தாம்மா, நான் தென்கரைக் கவுன்சிலரு, ஒரு பூனைக்காக எங்க வீட்டுல'ன்னு ஆரம்பிச்சேன். இவ ஜுலைகாகிட்டத் திரும்பி, 'அவரு ஏதோ சொல்றாரு, நீங்க மெஷின ஓட்டுங்க'ன்னுட்டு, வெறுங்கூடைய எடுத்துக்கிட்டு வண்டிகிட்ட வந்துட்டா.

திரும்பி வர்ற வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தா. வண்டிக் கண்ணாடியில பாத்தேன். பாலத்துக்கிட்ட வண்டிய நிறுத்தி டீ வாங்கிக் குடுத்தேன், வாங்கிக் குடிச்சா, கிளாஸ அவளே கடையில குடுத்துட்டு வந்து உக்காந்துட்டா. ஒரு கவுன்சிலரு, அதுவும் இவளே போட்ட சட்டம், இவ பூனைய இவ எடுத்துட்டு வர முடியலைன்னா அந்தப் பதவி என்னாத்துக்கு? நானா இருந்தா ஒரு போன்ல பூனை வீடு தேடி வந்துருக்கும். இவளுக்கு அரசியல் தெரியல. சொல்லிக் குடுக்கலாம்னா பேச மாட்டேங்குறா.

உண்மையச் சொல்லட்டா? பொட்டு வரலைன்னதுல எனக்குத்தான் ரொம்ப வருத்தம். அது வந்துருந்தா அவ அதுகூடவாவது வீட்டுல பேசுவாள்ல. நான் முன் ரூமுல இருந்து கேட்டுக்கிட்டுக் கெடந்துருப்பேன். இப்ப வீடு கம்முன்னு கெடக்கு, உள்ள போகவே பிடிக்கல.

ஒரு நிமிசம் இருங்க. என்னப்பா, என்ன வேணும்? கவுன்சிலரா? என்ன வெசயம்? உங்க காம்பவுண்டுல பூனை குட்டி போட்டுருக்கா. ஆள் விட்டுத் தூக்கிட்டுப் போயி ஆத்துல விடணுமா. நீ எந்தக் காலத்துல இருக்க? ஏப்பா, என்னையப் பாத்து ஏன் கும்புடுற? கவுன்சிலர் நானில்ல. அந்தா சன்னல்கிட்ட உக்காந்துருக்காக பாரு, அவுகதான் கவுன்சிலர். அங்கயற்கண்ணி அம்மான்னு கேளு. நானா? நான் கூடை தூக்குறவன். என்கிட்டச் சொல்லி ஒண்ணும் ஆகாது. செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள போ, என்ன சொல்றாகளோ அதக் கேட்டுக்க.

போயிட்டான். பாத்தீங்களா தொல்லைய? நான் உங்ககூட நாலு வார்த்த பேச முடியல. குட்டிப் பூனை பஞ்சாயத்துன்னா லேசா முடியாது, தாய்க்குத் தனி, குட்டிக்குத் தனின்னு ஆயிரம் இருக்கு. எல்லாத்தையும் இப்பிடி அவ தலையில கட்டிவிட்டாத்தான் தெரியும், கவுன்சிலர் வேலன்னா எம்புட்டுப் பாடுன்னு.

அவ ஏன் சன்னல் வழியா எட்டிப் பாக்குறா? சத்தமாப் பேசிட்டேனோ. விடுங்க. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனா உங்க ஆள இன்னைக்குப் பூராம் வெளிய விட்றாதீங்க. மயக்கத்துல மாடியில ஏறி விழுந்துரும். ராத்திரிக்குக் கொஞ்சூண்டு கஞ்சிச் சோறு...

இருங்க. உள்ள யாரு கூப்புட்டது? டாக்டரம்மா என்னைய சார்னுதானே கூப்புடுவாக. உங்க காதுல என்ன விழுந்துச்சு? 'என்னங்க'ன்னா? முழுசாச் சொல்லுங்க தங்கச்சி, எனக்குக் காது செத்த மந்தம். 'என்னங்க, இந்தப் பூனை கையக் கடிக்கிது, வந்து பிடிங்க.' அப்பிடியா சொன்னா? டாக்டரம்மாகிட்டச் சொல்லச் சொன்னாளா, இல்ல நேரா என்னையவா?

நேராவா.

என்னாச்சு இவளுக்குத் திடீர்னு? நீங்க சாட்சி, நான் ஒண்ணுமே செய்யலையே, சும்மா உங்ககூட உக்காந்து பேசிக்கிட்டுத்தானே இருந்தேன். பூனைய நல்லாப் பிடிக்கிறேன்ல, அதுதானா இருக்கும். என் துண்டு எங்க? தோள்லயா கெடக்கு? ஆமா. கூடைய அப்பிடி ஓரமா நகட்டுங்க தங்கச்சி, கால் தட்டப் போகுது. இந்தா வாரேம்மா. கைய இழுக்காத, அப்பிடியே வச்சுக்க, நான் வந்துட்டேன்.